மருத்துவர் மூன்று வாரம் ஊரில் இல்லை: அம்மாவின் மாத்திரைகளுக்கு இணையவழியில் சீட்டு வாங்கலாமா?

பொதிகைச் சாரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. தென்காசியில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். இரத்த அழுத்தம், நெஞ்சுப் படபடப்பு, தைராய்டு குறைபாடு ஆகிய மூன்றுக்கும் பல ஆண்டுகளாக ஒரே மருத்துவரிடம்தான் காட்டி வருகிறார். காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் 50 மைக்ரோகிராம், சிற்றுண்டிக்குப் பின் டெல்மிசார்டன் 40 மில்லிகிராமும் மெட்டோப்ரோலால் 25 மில்லிகிராமும், இரவில் தூக்கத்துக்காக அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் என்பது அவருடைய மருந்துக் கணக்கு.

மருத்துவர் தம் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு சென்றிருக்கிறார். கிளினிக் வாசலில் தேதி போட்டு ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன்படி இன்னும் மூன்று வாரம் ஆகும். அம்மாவிடம் நான்கு நாள்களுக்கான மாத்திரைகள்தான் இருக்கின்றன. வழக்கமாக வாங்கும் மருந்துக்கடையில் இதுவரை பழைய சீட்டைக் காட்டினாலே கொடுத்து வந்தார்கள். அண்மையில் ஆய்வுக்கு அதிகாரிகள் வந்துபோனதிலிருந்து, "இந்தச் சீட்டில் ஏற்கெனவே எங்கள் முத்திரை இருக்கிறது, தேதியும் நான்கு மாதத்துக்கு முந்தையது, புதிதாக எழுதி வாங்கி வாருங்கள் அம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நேற்று ஒரு செயலியில் முயன்று பார்த்தேன். 'என்னிடம் சீட்டு இல்லை' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் பத்து நிமிடத்துக்குள் ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் பெயரையும் வயதையும் கேட்டார், "ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்துதானே?" என்றார், வைத்துவிட்டார். மொத்தம் நாற்பது விநாடி இருக்கும். நான் பெங்களூரில் இருக்கிறேன் என்பதையோ மருந்து அம்மாவுக்கு என்பதையோ அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. சிறிது நேரத்தில் சீட்டும் வந்தது. அதில் எழுதியவரின் பெயருக்குக் கீழே பதிவு எண் இல்லை. மனம் ஒப்பாமல் அந்த ஆர்டரை நீக்கிவிட்டேன்.

என் கேள்விகள் இவை. இணையவழி ஆலோசனையில் பெறும் சீட்டு சட்டப்படி செல்லுமா? அதைக் காட்டினால் உள்ளூர் மருந்துக்கடையில் மருந்து கொடுப்பார்களா? நான்கு மருந்துகளையும் ஒரே ஆலோசனையில் வாங்கிவிட முடியுமா? அம்மாவோ, "பக்கத்து வீட்டு அக்காவும் பிரஷர் மாத்திரைதான் சாப்பிடுகிறாள், நாலு நாளைக்கு அவளிடம் வாங்கிக்கொள்கிறேன், நீ அலையாதே" என்கிறார்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

நான் திருநெல்வேலிப் பக்கம் 22 ஆண்டுகளாக மருந்துக்கடையில் நிற்கும் மருந்தாளுநர். இணையவழி விற்பனையைப் பற்றி நான் பேசினால் அதில் கொஞ்சம் கடைக்காரனின் மனத்தாங்கலும் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

முதலில், உங்கள் ஊர்க் கடைக்காரர் மீது வருத்தப்பட வேண்டாம். 1945ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் விதிகளில் 65ஆவது விதி, ஹெச் அட்டவணையில் (மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல்) உள்ள மருந்துகளுக்கு ஒரு சீட்டை ஒரு முறைதான் பயன்படுத்தலாம் என்றும், எழுதிய மருத்துவரே 'இத்தனை முறை கொடுக்கலாம்' என்றோ 'இத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம்' என்றோ சீட்டில் குறித்திருந்தால் மட்டுமே மறுபடி கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. மருந்து கொடுத்ததும் கடையின் பெயரையும் தேதியையும் சீட்டிலேயே பதிய வேண்டும் என்பதும் அதே விதிதான். நீங்கள் பார்த்த முத்திரை அதற்காக வைத்தது. தெருவுக்குத் தெரு இது மீறப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பத்து வருடமாக முகம் தெரிந்த அம்மாவை வெறுங்கையோடு அனுப்ப எங்களுக்கும் மனம் வராது. ஆனால் ஆய்வில் மாட்டினால் உரிமத்துக்கே கேடு. ஆகவே உங்கள் மருத்துவர் திரும்பி வந்ததும், அடுத்த சீட்டில் எத்தனை மாதத்துக்கு மறுபடி தரலாம் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் எழுதித் தருவார்கள், கேட்பவர்கள்தான் இல்லை.

அல்பிரசோலம் தனிக் கதை. அது இன்னும் கடுமையான ஹெச்1 அட்டவணையில் இருக்கிறது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் அந்த அட்டவணையின்படி, மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத அந்த நாற்பது விநாடிச் சீட்டை என் கடைக்குக் கொண்டுவந்திருந்தால், அல்பிரசோலம் இருக்கட்டும், மற்ற மூன்றையும்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

இணையத்தில் மருந்து விற்பதற்கென ஒரு வரைவு விதி 2018 ஆகஸ்டில் வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் வரும்வரை இணைய விற்பனை கூடாது என்று தீர்ப்பளித்தார்; 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அந்த வழக்குகளைப் பற்றிப் பேசினால் எனக்குப் பொழுது போய்விடும். உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான்: மருந்தை எங்கே வாங்குகிறோம் என்பதும் சீட்டை எப்படிப் பெறுகிறோம் என்பதும் வேறு வேறு. சீட்டை முறையாக இணையவழியில் பெற்று, மருந்தை உங்கள் தெருமுனைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் என்னை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 'மெட்டோப்ரோலால் 25' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மெட்டோப்ரோலாலில் சக்சினேட், டார்ட்ரேட் என்று இரண்டு உப்புகள் இருக்கின்றன. சக்சினேட் மெல்ல மெல்லக் கரையும் வகை. நாளுக்கு ஒரு வேளை போதும். டார்ட்ரேட் சாதாரண வகையாக இருந்தால் வழக்கமாக இரண்டு வேளை கொடுப்பார்கள். அம்மா ஒரு வேளைதான் சாப்பிடுகிறார் என்றால் பெரும்பாலும் மெல்லக் கரையும் வகையாகத்தான் இருக்கும். அட்டையில் பெயருக்குப் பின்னால் எக்ஸ்எல் அல்லது ஈஆர் என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டெல்மிசார்டனிலும் இதே சிக்கல்தான். தனி மாத்திரை ஒன்று, நீர் பிரியும் மருந்து சேர்ந்தது ஒன்று, அம்லோடிபின் என்ற வேறோர் அழுத்த மருந்து சேர்ந்தது ஒன்று என்று வரும். எல்லா அட்டையிலும் 40 என்ற எண்தான் பெரிதாகத் தெரியும். தொலைபேசியில் எண்ணை மட்டும் படித்துக் காட்டுபவர்களுக்கு வேறு மருந்து போய்விடுகிறது.

அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரியவர்கள் பெயர் அச்சிட்ட முனையிலிருந்தே மாத்திரையைப் பிரித்துவிடுவார்கள். கடைசி நாலு மாத்திரை மிஞ்சும்போது அட்டையில் பாதிப் பெயர்கூட இருக்காது. அப்படியென்றால் பழைய பில்லைத் தேடுங்கள், அதில் முழுப்பெயர் இருக்கும்.

---

நாடித்துடிப்பு எழுதியது:

பொது மருத்துவராகப் பணியாற்றுகிறேன். உங்கள் அம்மாவைப் பார்க்காமல் நான் மருந்து சொல்ல முடியாது. நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

இணையவழிச் சீட்டு சட்டப்படி செல்லும். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் அதற்கு இடம் தருகின்றன. பதிவு பெற்ற மருத்துவர் எழுதியிருக்க வேண்டும், நோயாளி யார் என்பதை அவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும், சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும் என்பவை அடிப்படை நிபந்தனைகள். கையொப்பமிட்ட சீட்டின் படமாகவோ மின்சீட்டாகவோ அனுப்பலாம். எனவே பதிவு எண் இல்லாததைக் கண்டு நீங்கள் விலகியது மிகச் சரி.

அந்த நெறிகள் மருந்துகளைப் பட்டியல்களாகப் பிரிக்கின்றன. சீட்டே தேவையில்லாத எளிய மருந்துகள் ஒரு பட்டியல். இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களுக்கு ஏற்கெனவே எடுத்துவரும் மருந்தைத் தொடர்ந்து எழுதித் தருவது இன்னொரு பட்டியலில் வருகிறது. ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்த அதே மருத்துவர் என்றால் அதை மறு ஆலோசனை என்று கொள்கிறார்கள். புதிய மருத்துவர் என்றால் அது முதல் ஆலோசனை, அதற்குக் காணொளி வேண்டும். உங்களுக்கு வாய்ப்பது இரண்டாவது வகை என்பதால், வெறும் குரல் அழைப்பில் சீட்டு தருகிறேன் என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். அழைப்பில் அம்மாவே இருக்க வேண்டும். நீங்களும் இன்னொரு பக்கம் இணைந்திருந்தால் நல்லது.

அல்பிரசோலம் இணையவழியில் கிடைக்காது. எக்ஸ் அட்டவணை என்ற மிகக் கடுமையான பட்டியலில் உள்ள மருந்துகளும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவையும் தொலைமருத்துவத்தில் எழுதக் கூடாதவை. அல்பிரசோலம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. இதை எழுதித் தருகிறோம் என்று எந்தத் தளமாவது சொன்னால் அந்தத் தளத்தையே நம்பாதீர்கள். ஆனால், 'கிடைக்கவில்லை, விட்டுவிடுவோம்' என்றும் இருந்துவிடாதீர்கள். நெடுநாள் தினமும் சாப்பிட்ட இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், நடுக்கமும் பதற்றமும் வரும், அரிதாக வலிப்பும் வரலாம். தென்காசி அரசு மருத்துவமனைக்குப் பழைய சீட்டோடு நேரில் போவதுதான் வழி. இந்த வயதில் இரவு எழுந்து நடக்கும்போது தடுமாறி விழ இந்த மாத்திரையே காரணமாகலாம் என்பதால், தொடர்வதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதையும் அங்கே கேட்டுவிடலாம்.

நான்கு நாள் என்று நீங்கள் பதறுவது புரிகிறது. ஆனால் நான்கு மருந்துக்கும் அவசரம் ஒன்றல்ல. தைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். இரண்டு மூன்று நாள் தவறினால் உடனடியாக எதுவும் நேர்ந்துவிடாது. இருந்தாலும் அதைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம். டெல்மிசார்டனை நிறுத்தினால் அழுத்தம் சில நாள்களில் மெல்லப் பழைய அளவுக்கு ஏறும். மெட்டோப்ரோலால்தான் கவலைக்குரியது. அட்ரினலினின் வேகத்தை இதயம் உணராதபடி தடுத்து வைத்திருக்கும் மருந்து அது. திடீரென்று நின்றால், அதுவரை அடங்கியிருந்த இதயம் பழைய அளவையும் தாண்டி வேகமெடுக்கும், அழுத்தம் எகிறும், இதய நோய் இருப்பவர்களுக்கு நெஞ்சுவலியோ மாரடைப்போகூட வரலாம். ஆகவே நான்காவது நாள் வரை காத்திருக்காமல் நாளையே முயலுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் சீட்டு, செயலி எதையும் தேடாமல் 108ஐ அழையுங்கள்.

பக்கத்து வீட்டு மாத்திரை வேண்டவே வேண்டாம். 'பிரஷர் மாத்திரை' என்ற ஒரே பெயருக்குள் பத்து விதமான மருந்துகள் இருக்கின்றன. ஏற்கெனவே மெட்டோப்ரோலால் எடுப்பவர் அதே குடும்பத்தைச் சேர்ந்த அட்டெனோலாலை அதோடு சேர்த்துச் சாப்பிட்டு, நாடி 40க்கு இறங்கித் தலைசுற்றி விழுந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

அழைப்புக்கு முன்பு, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் எடுத்த இரத்த அழுத்த அளவும் நாடித்துடிப்பும் கையில் இருக்கட்டும். நாடி 50க்குக் கீழே இருந்தால் பொறுப்பான எந்த மருத்துவரும் மெட்டோப்ரோலாலைக் கண்ணை மூடிக்கொண்டு எழுத மாட்டார். கடைசியாக எடுத்த டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை), கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), பொட்டாசியம் அறிக்கைகளும் இருந்தால் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு எழுதித் தரும்படி கேட்காதீர்கள். உங்கள் மருத்துவர் வரும்வரை, அதற்கு மேல் ஒரு வாரம், அவ்வளவு போதும்.

---

மலைக்கோட்டை வாசி எழுதியது:

அரசின் இசஞ்சீவனியை என் அப்பாவுக்காகச் சென்ற ஆண்டு பயன்படுத்தினேன். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது வீட்டிலிருந்தே மருத்துவரைப் பார்க்கும் வசதியாக அது வந்தது. கட்டணம் எதுவும் இல்லை. கைப்பேசி எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்துப் பதிவு செய்து, பழைய சீட்டு, பரிசோதனை அறிக்கைகள் ஆகியவற்றின் படங்களை ஏற்றினால் டோக்கன் தருவார்கள். வரிசை நகர்வது திரையிலேயே தெரியும். நாங்கள் ஏறத்தாழ அரை மணி நேரம் காத்திருந்தோம். நடுவில் ஒருமுறை இணைப்பு அறுந்து மறுபடி நுழைய வேண்டியிருந்தது. கைப்பேசியை அப்பாவின் கையில் கொடுத்ததுதான் நாங்கள் செய்த தவறு. முதல் இரண்டு நிமிடம் மருத்துவருக்கு எங்கள் வீட்டு மின்விசிறி மட்டுமே தெரிந்தது. கைப்பேசியை எதன் மீதாவது சாய்த்து வைத்துவிடுங்கள்.

அந்த மருத்துவர் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் திரைக்கு அருகில் காட்டச் சொன்னார். ஒன்றைத் திருப்பிப் பின்பக்கம் காட்டச் சொன்னார். எழுதிய சீட்டைத் தரவிறக்கி, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொண்டுபோனோம். மருந்துக்கடைக்காரர் பதிவு எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபேச்சின்றி மருந்தைக் கொடுத்தார்.

ஒருவேளை இணைப்பே கிடைக்கவில்லை என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை மறந்துவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அங்கே இருப்பில் உள்ள மருந்து அம்மா சாப்பிடுவதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. மாற்றித் தந்தால் மருத்துவர் பார்த்து மாற்றியதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

தேம்ஸ் கரை எழுதியது:

இடையில் ஒரு சிறு குறிப்பு. நான் இருக்கும் இங்கிலாந்தில், வழக்கமான மருந்து தீர்ந்துபோய் மருத்துவரைப் பார்க்க முடியாவிட்டால், மருந்தாளுநரே விசாரித்து, பெரும்பாலான மருந்துகளை 30 நாள் வரைக்கும் அவசரமாகக் கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் 111 இணையதளத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். தூக்க மாத்திரை போன்றவற்றில் அங்கும் கைவைக்கத் தயங்குவார்கள். கல்லாப்பெட்டி ஐயாவைப் போல 22 ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு வாரத்து பிரஷர் மாத்திரையைக் கொடுக்கும் அதிகாரத்தையாவது நம் நாட்டிலும் தரலாம்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

தந்தால் மகிழ்ச்சிதான், தம்பி. ஆனால் கடையில் மருந்தாளுநரின் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, கல்லாவில் வேறு யாரோ நிற்கும் கடைகளுக்கும் அதே அதிகாரம் போய்ச் சேரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

---

பொதிகைச் சாரல் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சித்தி மகள் மறுநாள் காலையில் அம்மாவுடன் வந்து உட்கார்ந்தாள். அழுத்தம் 138க்கு 84, நாடி 62. கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தோம். இசஞ்சீவனியில் டோக்கன் கிடைத்து, நாற்பது நிமிடம் கழித்து ஒரு மருத்துவர் அழைப்பில் வந்தார். கல்லாப்பெட்டி ஐயா சந்தேகப்பட்டது போலவே மெட்டோப்ரோலால் அட்டையில் பெயர் அச்சிட்ட பகுதி போய்விட்டிருந்தது. பழைய பில்லில் எக்ஸ்எல் என்று இருந்ததைக் காட்டிய பிறகுதான், மெல்லக் கரையும் வகை என்று தெளிவாகக் குறிப்பிட்டு எழுதினார். மூன்று மருந்துகளையும் 30 நாளுக்கு எழுதியிருக்கிறார். அல்பிரசோலத்தைக் கேட்பதற்கு முன்பே, "அதை நான் எழுத முடியாதும்மா, நேரில்தான் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டார். நேற்று அரசு மருத்துவமனையில் காட்டினோம். இப்போதைக்கு அதே அளவில் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்து, பிறகு மெல்லக் குறைக்கலாம், மறுபடி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அதில் அவ்வளவாகச் சம்மதம் இல்லை.

உள்ளூர்க் கடைக்காரர் இணையவழிச் சீட்டை ஏற்றுக்கொண்டு, அதிலும் தம் முத்திரையை வைத்துத்தான் கொடுத்தார்.

ஒரே ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. டிஎஸ்ஹெச் எடுத்துப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது என்று பார்த்துவிட்டு, இந்த வாரமே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரத்தம் கொடுக்கும் நாளன்று காலையில் தைராக்சின் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

---

நாடித்துடிப்பு எழுதியது:

இரத்தம் கொடுத்துவிட்டு வந்து சாப்பிடச் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போனாலும் டிஎஸ்ஹெச் அளவு பெரிதாக மாறாது. ஆனால் டி4 என்ற தைராய்டு ஹார்மோனையும் சேர்த்துப் பார்த்தால் அது சற்றுக் கூடுதலாகக் காட்டும். மற்ற இரண்டு மாத்திரைகளை வழக்கம்போல் சிற்றுண்டிக்குப் பின் எடுத்துக்கொள்ளட்டும். டெல்மிசார்டன் சாப்பிடுகிறார் என்பதால், அதே இரத்தத்தில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.